ஏற்கெனவே போட்ட மருந்து

டீயைக் குடித்துவிட்டு மீசையைத் துடைக்கலாம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டால், கைக்குட்டைக்குப் பதிலாக இது வருகிறது. சிவப்புத் துணி. பஞ்சவர்ணத்தின் பழைய பாவாடையிலிருந்து நான் கிழித்தது. ஒரு முனையில் கரி ஒட்டியிருக்கிறது, இன்னும் ஈரம் முழுசாகக் காயவில்லை. இது இங்கே என்ன செய்கிறது? இது இருக்க வேண்டிய இடம் என் துப்பாக்கியின் வாய். வாயில் சிவப்புத் துணி அடைத்திருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது, துணி இல்லையென்றால் காலி. வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி இடித்து நிரப்புகிற நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் எங்கள் மலையில் இதுதான் வழக்கம். வீடு பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும். முந்தாநாள் பன்றிக்காக மருந்து போட்டேன். முழு அளவு மருந்து, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் ஈயக்குண்டு, மறுபடி நார், எல்லாவற்றையும் இடிகம்பியால் இறுக்கி, வாயில் இந்தத் துணியை அடைத்து மூலையில் சாத்தினேன். பன்றி வரவில்லை. நேற்று சாயந்திரம் மழை. ஓடு ஒழுகித் துணி நனைந்துவிட்டது. ஈரத்துணி வாயில் இருந்தால் மருந்து நமுத்துப்போகுமே என்று உருவினேன். காய்ந்ததாக வேறொன்று கிழித்து அடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பஞ்சவர்ணம், “சோறு ஆறுது. அந்தத் துப்பாக்கியோடவே குடித்தனம் பண்ணுங்க” என்று சத்தம் போட்டாள். துணி பைக்குப் போனது, நான் சோற்றுக்குப் போனேன். இன்று மத்தியானம் போதுராசு வந்தான். என் தங்கை செல்லக்கிளியின் புருஷன். “மச்சான், பன்னி மரவள்ளியப் பூராம் உழுதுட்டுப் போயிருக்கு. துப்பாக்கியக் குடுங்க, ஒரு வெடி வெடிச்சுட்டுக் காலையில கொண்டாந்துர்றேன்” என்றான். எடுத்துக் கொடுத்தேன். “காலிதான மச்சான்?” என்று கேட்டான். கேட்டான், அதை மறுக்க முடியாது. நான் குழல்வாயைப் பார்த்தேன். துணி இல்லை. “காலிதான் மாப்பிள்ள” என்றேன். மருந்துக் குடுவையையும் தட்டினால் பொறி விடுகிற கேப்புகளையும் குண்டுப் பையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினேன். அவன் போய்க்கொண்டே இருந்தான், நான் குளித்து அதே சட்டையை மாட்டி, பையில் இது இருப்பது தெரியாமலே, கடைவீதிக்கு டீ குடிக்க வந்துவிட்டேன்.

“என்னண்ணே, டீ சரியில்லையா? மொகம் இப்பிடிப் போகுது?” என்கிறான் தவசி. அவன் கடையில் டீ என்றைக்குச் சரியாக இருந்தது. எழுந்துவிட்டேன். போதுராசுவுக்குப் போன் போட்டால் அந்தப் பெண் பேசுகிறாள், போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அன்பாகச் சொல்கிறாள். மறுபடி போட்டால் மறுபடி அதே அன்பு. தவசியிடம் சொல்லலாமா? என்னவென்று சொல்ல? உரிமம் என் பெயரில் இருக்கிற துப்பாக்கியை இன்னொருவன் கையில் கொடுத்தேன் என்று கடையில் நின்று சொன்னால் ராத்திரிக்குள் ஸ்டேஷனுக்குப் போய்விடும். பன்றிக்கு என்று சொன்னால் காட்டிலாகா வேறு வரும். கிளிக்குப் போன் போடலாம். கிளி இந்நேரம் வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள், அவன் மேலே மரவள்ளிக் காட்டில் இருப்பான், அவளை எதற்குப் பதறடிக்க வேண்டும்? நேரில் போய்விடலாம். வெளிச்சம் இருக்கிறது. பன்றி பொழுது இறங்கி பனிமஞ்சு மூடினால்தான் இறங்கும். காப்பித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் நடந்து, மொட்டைப் பாறை தாண்டி, ஓடையில் இறங்கி எதிர்க்கரையில் ஏறினால் அவன் காடு. எட்டி நடந்தால் பொழுதோடு போய்விடலாம். ஆகவே நடக்கிறேன், நன்றாகத்தான் நடக்கிறேன்.

ஒரு துப்பாக்கிக்குள் இரண்டு தடவை மருந்து போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். தோளைப் பெயர்க்கிற மாதிரி உதைக்கும், சத்தம் மலையைக் கூட்டும், அவ்வளவோடு போனாலும் போகும். ஆனால் என் துப்பாக்கிக் குழல் பழசு. அடியில், கேப்பு உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பட்டறைக்காரன் பற்றவைத்த வடு இருக்கிறது. என் அளவுக்கு அது தாங்கும். என் அளவு மாறாது. மூங்கிலில் செதுக்கிய அளவுக் குழல் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் கொட்டி விரலால் வழித்துத்தான் போடுவேன். ஒரு சிட்டிகை கூடினால் குண்டு மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஊர் மந்தையில் எலுமிச்சம்பழத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சுடுவோம். பழம் காற்றில் ஆடும், ஊரே பின்னால் நின்று பேசும். அதில் பழத்தைத் தொட்டவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள், நானும் மறுக்க மாட்டேன். பழத்தைக் குறிபார்ப்பது கண்ணால் என்று நினைக்கிறார்கள். அளவால். முதல்நாளே பலாமரத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துச் சுட்டுச் சுட்டு, இன்றைக்குக் காற்று என்ன, மருந்து எப்படி எரிகிறது என்று பார்த்துவிட்டு வந்திருப்பேன். போதுராசுவும் சுடுவான். உள்ளங்கையில் மருந்தைக் கொட்டி, கண்ணால் பார்த்து, இன்னும் கொஞ்சம் கொட்டுவான். சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் அவனுக்கு. பெயரில்தான் போது இருக்கிறது, போதும் என்பது அவனுக்கு எதிலும் கிடையாது. அந்தக் கை, என் முழு அளவுக்கு மேலே, என் குண்டுக்கு மேலே, இன்று இன்னொரு உள்ளங்கை மருந்தைக் கொட்டும். அதன்மேல் இன்னொரு குண்டு. கேப்பு தட்டினால் அடியில் இருக்கிற என் மருந்து முதலில் பிடிக்கும், மேலே இருக்கிற பாரத்தைத் தள்ளப் பார்க்கும், தள்ள முடியாது, வேறு வழி தேடும். வழி அந்த வடுதான். கன்னத்துக்கும் இடது கைக்கும் நடுவில். சுடுகிறவன் கன்னத்தைக் கட்டையில் ஒட்டித்தான் வைத்திருப்பான்.

ஆனால் கம்பி இருக்கிறதே. இடிகம்பியை நினைக்காமல் இவ்வளவு தூரம் பயந்துகொண்டு வந்தேனே. கம்பியில் நான் அரத்தால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். குழல் காலியாக இருந்தால் கம்பி அந்தக் கோடு வரைக்கும் உள்ளே போகும். மருந்து இருந்தால் கோடு வெளியே நிற்கும். போடுவதற்கு முன்னால் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும், யாராக இருந்தாலும் பார்க்க வேண்டும், துணி இருக்கோ இல்லையோ, யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும். அவனுக்கு அது தெரியும். நான் காட்டியிருக்கிறேன். பார்த்தான் என்றால் பிழைத்தான். பார்க்காவிட்டால் அது அவன் தப்பு. இதை நினைத்தவுடன் மனசு லேசாகிறது. எவ்வளவு லேசாகிறது என்று பார்த்து எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவன் தப்பு என்று எவ்வளவு சீக்கிரம் ஒரு இடம் கண்டுபிடித்துவிட்டேன்! கம்பியை அவன் விட்டுப் பார்ப்பானா? மாட்டான். காலிதான் என்று சொன்னது யார்? நான். மாயழகு. எலுமிச்சம்பழம் மாயழகு. துப்பாக்கி விஷயத்தில் மாயழகு சொன்னால் அதற்குமேல் கம்பி விட்டுப் பார்க்கிறவன் இந்த மலையில் கிடையாது. பாதையில் காப்பிச் செடிகளுக்கு மேலே பொழுது சாய்ந்துவிட்டது, கால் வழுக்குகிறது, நேற்றைய மழை இன்னும் மண்ணில் இருக்கிறது.

குறுக்குப் பாதை ஜீப் ரோட்டில் ஏறி மறுபடி இறங்குகிற இடத்தில் ராசையாவின் ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. காப்பி பறிக்கிற பெண்களை இறக்கிவிட்டுக் காலியாக மேலே போகிறான். “ஏறுண்ணே. எங்க, கிளியக்கா காட்டுக்கா? நானும் அந்தப் பக்கந்தான் போறேன், எறக்கி விட்டுர்றேன்.” ஜீப் சுற்றிக்கொண்டு போனாலும் எனக்கு முன்னால் போய்விடும். பாதி நேரத்தில் போய்விடும். நான் சொன்னேன், “இல்லப்பா, நீ போ. நான் குறுக்கால நடந்தே போயிர்றேன், அதுதான் வெரசா இருக்கும்.” அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “ஜீப்ப விட ஒங்காலு வெரசாண்ணே?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். சத்தம் வளைவில் தேய்ந்து போன பிறகும் நான் ரோட்டிலேயே நிற்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ராசையா வாயாடி, ஜீப்பில் ஏறினால் என்ன ஏது என்று கேட்பான், விஷயம் வெளியே போகும். அதனால்தான். ஸ்டேஷன் பயம். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டால் என் காப்பிக்கும் மிளகுக்கும் காவலுக்கு நான் எங்கே போவேன். அதனால்தான் சொன்னேன். வேறு எதற்காகச் சொல்வேன்? குறுக்குப் பாதையில் மறுபடி இறங்கிவிட்டேன். கால் தானாகப் போகிறது. ஆனால் கடையிலிருந்து புறப்பட்டபோது போன மாதிரி இது போகவில்லை, அதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். காதுதான் எனக்கு முன்னால் போகிறது. எதிர்க்கரையில் ஒரு கதவு அடித்தாலும் கால் நிற்கிறது. மரங்கொத்தி தட்டினாலும் நிற்கிறது. இன்னும் வெடிக்கவில்லை. இன்னும் இல்லை.

கிளிக்கு முன்பல் ஒன்று கிடையாது. போன வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பு ஊரைக் கூட்டுகிற சிரிப்பு, எங்கள் வீட்டுப் பெண்களில் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். என்னத்தா இது புதுசா என்று கேட்டேன். “ஓடையில வழுக்கி விழுந்துட்டேண்ணே, கல்லுல அடிச்சிருச்சு” என்றாள். போதுராசு அப்போது பந்தியில் உட்கார்ந்து எனக்கு எதிரில் கறி தின்றுகொண்டிருந்தான். தலை நிமிரவே இல்லை. பஞ்சவர்ணம்தான் ராத்திரி எனக்குச் சொன்னாள், ஓடையும் இல்லை கல்லும் இல்லை, தண்ணீர்ச் சுரைக்குடுக்கையால் அடித்திருக்கிறான், குழம்பில் உப்பு இல்லை என்று. பல் போனதோடு உதட்டிலும் தையல் போட்டிருக்கிறார்கள். நான் மறுநாள் காலையில் போய்க் கிளியைக் கேட்டேன், வந்துவிடு, நம் வீட்டுக்கு வந்துவிடு என்று. “வந்து? ஒங்க வீட்டுல நான் என்ன, சாமானு கழுவவா? எங்காடு இருக்கு, எம்புள்ள ஆஸ்டல்ல படிக்குது. போண்ணே” என்றாள். அவனை நாலு கேள்வி கேட்கிறேன் என்றேன். “கேட்டுட்டு நீ போயிருவ. நான்ல இருக்கணும்” என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவனோடு பேசினேன், சிரித்தேன், மாப்பிள்ள என்று கூப்பிட்டேன், கேட்டபோதெல்லாம் துப்பாக்கி கொடுத்தேன். மருந்தும் என்னுடையது. கோபம் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருந்தது. அவன் தலையைக் குனிந்து கறி தின்ற அந்த உச்சந்தலையைப் பார்க்கும்போதெல்லாம், இவன் இல்லாமல் போனால் கிளி எப்படி இருப்பாள் என்று நினைத்திருக்கிறேன். நினைத்தது ஒரு குற்றமா? எல்லா அண்ணனும் நினைப்பான். காட்டுமாடு முட்டிப் போகலாம், குடித்துவிட்டு ஜீப்பில் போய்ப் பள்ளத்தில் விழலாம், ஒரு மழைநாளில் மின்னல் வெட்டலாம். தானாக நடக்கிற காரியமாகத்தான் நினைத்தேன். என் கையால் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இன்றைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லையே. மறந்தேன். மறதி எல்லோருக்கும் உள்ளதுதான். மறந்தது நேற்று, தெரிந்தது இப்போது, நடுவில் அவன் வந்து வாங்கிக்கொண்டு போனான். இதில் என் கை எங்கே இருக்கிறது? கை இல்லை. கால் இருக்கிறது. இந்தக் கால்தான் இப்போது தேடித் தேடி மிதித்து, கல்லைப் பார்த்து, வேரைப் பார்த்து, ஏதோ பிள்ளைத்தாய்ச்சி நடக்கிற மாதிரி நடக்கிறது.

உட்கார்ந்துவிட்டேன். அட்டை. முழங்காலுக்குக் கீழே நன்றாகக் கடித்துக்கொண்டிருக்கிறது, மழைக்கு அப்புறம் இந்தப் பாதையில் சகஜம். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் ரத்தம் நிற்காது, புகையிலைச் சாற்றை விட்டால் தானாகக் கழன்று விழும். புகையிலையை எடுத்துக் கிள்ளி, வாயில் போட்டு மென்று, சாறு ஊறட்டும் என்று இருக்கிறேன். நடந்துகொண்டேகூட மெல்லலாம். அட்டையோடு எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று. மஞ்சு மேலே இருந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை ஒரு பன்றியை நான் சரியாக அடிக்கவில்லை. மருந்து நமுத்திருந்தது, கேப்பு தட்டி ஒரு நொடி கழித்துத்தான் வெடித்தது, அந்த நொடியில் பன்றி திரும்பிவிட்டது. குண்டு வயிற்றில் போயிற்று. புதருக்குள் புகுந்து அது கத்திய சத்தம், நான் மறுபடி மருந்து கொட்டி, நார் வைத்து, குண்டு இட்டு, இடித்து, கேப்பு மாட்டுகிற வரைக்கும் கேட்டது. இந்தத் துப்பாக்கியில் அடுத்த வெடிக்கு அவ்வளவு நேரம் ஆகும், அதுதான் இதன் பாவம். அன்றைக்கு அவசரத்தில் அளவுக் குழலை எடுக்கவில்லை, கையால் கொட்டினேன். கறி பங்கு வைத்தபோது என் பங்கை நான் தொடவில்லை. உயிர் போவதை விட, போகாமல் கிடப்பதுதான் பார்க்க முடியாதது என்று அன்றைக்குத் தெரிந்தது. குழல் வெடித்தால் ஆள் உடனே செத்துவிடுவான் என்று யார் சொன்னது? கை போகும். கண் போகும். தாடை போகும். கிளி அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு, கண் தெரியாதவன் அடிக்கிற அடியையும் வாங்கிக்கொண்டு இன்னும் முப்பது வருஷம் இருப்பாள். மாயழகு, எழுந்திரு. எழுந்திருடா. சாற்றைத் துப்பினேன், அட்டை சுருண்டு விழுந்தது, எழுந்துவிட்டேன். நல்ல எண்ணத்தால் எழுந்தேனா, அவன் பிழைத்துக் கிடந்தால் கிளிக்குச் சிரமம் என்று எழுந்தேனா? எதனால் எழுந்தால் என்ன, நடக்கிறேன். மொட்டைப் பாறை தெரிகிறது. பாறையின் மேலே ஏறினால் எதிர்க்கரை முழுக்கத் தெரியும், போனில் சிக்னல் நாலு கோடும் வரும்.

ஏறிவிட்டேன். கீழே ஓடை இரைகிறது. எதிரே அவர்கள் காட்டின் கீழ்ப்பாதி தெரிகிறது, மேல்பாதியை மஞ்சு மூடிக்கொண்டிருக்கிறது, ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. போனைக் கையில் எடுத்துவிட்டேன். நாலு கோடு. அவனுக்குப் போட்டேன், அதே பெண், அதே அன்பு. இனிமேல் கிளிக்குப் போடாமல் இருக்க என்னிடம் காரணம் ஒன்றும் மிச்சமில்லை, தேடித்தான் பார்த்தேன். போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். “என்னண்ணே” என்று ரகசியக் குரலில் கேட்கிறாள். இப்போது சொல்ல வேண்டும். வீட்டை விட்டு வெளியே வந்து மேலே பார்த்து ஒரு சத்தம் போடு, சுட வேண்டாம் என்று கத்து, உள்ளே ஏற்கெனவே மருந்து இருக்கிறது. இவ்வளவுதான் வார்த்தை. நான் என்ன சொன்னேன் என்றால், “சும்மாதாந்தா. என்ன பண்ற?” என்றேன். சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்து நானே திகைத்து நிற்கிறேன். இன்னும் ஒரு நிமிஷம். இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் அது தானாக நடந்துவிடும், அப்புறம் நான் சொல்ல வந்தேன், அதற்குள் ஆகிவிட்டது என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். அவள் அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்கிறது. “சும்மாவா? சும்மால்லாம் கூப்புட மாட்டியே நீ” என்கிறாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பல் இல்லாத இடத்தில் அந்தச் சிரிப்பு லேசாகக் காற்றாக வருகிறது. அது காதில் பட்டதும் வாய் திறந்துவிட்டது. “மாப்பிள்ள எங்கத்தா?” என்றேன். “இங்கனதான் கெடக்காரு. பாறைக்குப் பின்னாடி சாக்க விரிச்சுப் படுத்தாச்சு. வரும்போதே ஊத்திட்டுத்தான் வந்தாரு.” இங்கன என்றால் எங்கே? “நீ எங்க இருக்க? வீட்லயா?” “வீட்லயா! காட்டுலண்ணே. பன்னிக்கு ஒக்காந்துருக்கேன். மெதுவாப் பேசு.” கேட்டது புரியவில்லை, புரிந்துகொண்டே புரியவில்லை. “துப்பாக்கி யாருகிட்ட இருக்கு?” “எங்கிட்டத்தான். அவரு மருந்து போட்டுக் குடுப்பாரு, அதுல மட்டும் கை வைக்க விடமாட்டாரு. சுடுறது நான்தான். ஒதைக்குது, தோளு வலிக்குதுன்னு காட்டுல அவரு என்னைக்குச் சுட்டாரு? ஒனக்குத் தெரியாதாக்கும்.” தெரியாது. எனக்குத் தெரியாது. போன மாசம் காதுக்குப் பின்னால் ஒரே குண்டில் விழுந்த பன்றியைச் சுமந்துகொண்டு வந்து, சுட்டவன் பங்கு என்று தலையை வாங்கிக்கொண்டு போனானே, குருட்டு அதிர்ஷ்டம் என்று நான் எல்லோரிடமும் சொன்னேனே.

“கிளி, சுடாத. ஏ கிளி, கீழ வையி அத, உள்ள மருந்து” என்று நான் கத்த, “கத்தாதண்ணே, வெளிய கேக்குது. வந்துருச்சு, பெருசு, குட்டியோட வருது. இரு, அப்பறம் பேசுறேன்” என்று அவள் குரல் தூரமாகப் போகிறது. போனை அணைக்கவில்லை, மண்ணில் வைத்திருக்கிறாள். இலை உரசுகிறது, எங்கேயோ ஒருவன் குறட்டை விடுகிறான். நான் போனுக்குள் கத்துகிறேன், பிறகு போனை எடுத்துவிட்டு எதிர்க்கரையைப் பார்த்துக் கத்துகிறேன், கிளி, கிளி என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிறேன், ஓடை என் குரலை வாங்கி அதன் இரைச்சலில் போட்டுக்கொள்கிறது. குரங்கு ஒன்று மரத்தில் இருந்து குதித்து ஓடுகிறது. மறுபடி போனைக் காதில் வைக்கிறேன். கேப்பைத் தட்டுகிற துப்பாக்கிக் குதிரையைப் பின்னால் இழுக்கிற அந்தச் சத்தம், டிக் டிக், நூறு சத்தத்துக்கு நடுவிலும் அது எனக்குத் தெரியும். அவள் மூச்சைப் பிடித்து நிறுத்துகிறாள். நன்றாகப் பிடிக்கிறாள், சுடுகிறவர்கள் பிடிக்கிற மாதிரி. கடவுளே, நமுத்துப் போயிருக்கட்டும். அந்த ஈரத்துணி தன் வேலையைச் செய்திருக்கட்டும். காதில் ஏதோ உடைந்தது. போன் கரகரவென்று ஒரு தரம் இழுத்து நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் அதே சத்தம் மஞ்சுக்குள்ளிருந்து மலையைத் தாண்டி மெதுவாக என்னிடம் வந்து சேர்ந்தது. வெடிச் சத்தம் எனக்குத் தெரியும். இது குழல்வாய் வழியே வந்த சத்தம் இல்லை.

போனில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பன்றிகள் கிளையை முறித்துக்கொண்டு ஓடுவது கேட்கிறது. பிறகு போதுராசு. “ஏ... ஏ கிளி... ஏ, என்னாத்தா இது” என்கிறான், தூக்கத்திலிருந்து எழுந்த குரல், அவனிடம் இவ்வளவு சின்னக் குரல் இருந்து நான் கேட்டதில்லை. அவள் பேசவில்லை. கத்தவும் இல்லை. நான் அலறுவது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், போனைத் தேடி எடுக்கிறான். “மச்சான், கொழலு கிழிஞ்சு போச்சு மச்சான். இவ மொகம்... என்னால பாக்க முடியல மச்சான். மூச்சு இருக்கு. கை வச்சுப் பாத்தேன், மூச்சு இருக்கு. ரத்தம் நிக்க மாட்டேங்குது. உள்ள என்ன இருந்துச்சு மச்சான்? சொல்லுங்க மச்சான், உள்ள என்ன இருந்துச்சு?” அழுகிறான். அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறான் போலிருக்கிறது. போன் எப்போது கையிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. ஓடுகிறேன். பாறையிலிருந்து சறுக்கி, முள்ளுக்குள் புகுந்து, செருப்பை உதறிவிட்டு ஓடுகிறேன். ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு வருகிறது, கடந்துவிட்டேன். எதிர்க்கரை செங்குத்து, நாலு காலில் ஏறுகிறேன், நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, மரவள்ளிக் குச்சிகள் மஞ்சுக்குள் தெரிய ஆரம்பித்துவிட்டன. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டேன். இந்த ஓட்டம் இவ்வளவு நேரமும் என் காலிலேயேதான் இருந்திருக்கிறது.